இரு மொழி, ஒரு வீடு: மெக்கரிகிள் சகோதரிகளின் இசைத்தட்டுகள்

கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த கேட் மெக்கரிகிளும் அன்னா மெக்கரிகிளும் 1976 முதல் 2005 வரை பத்து ஆல்பங்களை வெளியிட்டார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடிய நாட்டுப்புறப் பாடகிகள் என்று இசை வரலாறுகள் இவர்களைக் குறிப்பிடும். அந்தக் குறிப்பில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை மட்டும் படிப்பவர்கள், ஒவ்வொரு தட்டிலும் இரண்டு மொழிகளும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் என்று எண்ணிவிடுவார்கள். தட்டுகளை வெளிவந்த வரிசையில் கேட்டால் வேறு கணக்கு தெரிகிறது. முதல் ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களில் ஒன்றுதான் பிரெஞ்சு. இரண்டாவதில் மூன்று. மூன்றாவது ஏறக்குறைய முழுக்க ஆங்கிலம். நான்காவது முழுக்கப் பிரெஞ்சு. அடுத்ததில் மறுபடியும் ஒரே ஒரு பிரெஞ்சுப் பாடல். அதுவும் அமெரிக்க ராக் பாடல் ஒன்றின் மொழிபெயர்ப்பு.

இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சொந்த வாழ்க்கையின் காயங்களைத் தங்கள் பெயரிலேயே சொல்ல வேண்டியபோது இவர்கள் ஆங்கிலத்தில் தாங்களே எழுதினார்கள். பிரெஞ்சில் பாடும்போது பெரும்பாலும் வேறொருவரின் சொற்களை எடுத்துக்கொண்டார்கள்: சில சமயம் மரபின் சொற்கள், சில சமயம் ஒரு நண்பரின் சொற்கள். ஆங்கிலத்தில் ஒரு பெண் தன் கதையைப் பேசினாள். பிரெஞ்சில் ஊர் பேசியது. முப்பது ஆண்டுகளில் இந்த இரு குரல்களும் சிறிது சிறிதாக நெருங்கி வருவதைத்தான் இந்தப் பத்துத் தட்டுகளும் பதிவு செய்திருக்கின்றன.

ஊரும் வீடும்

அன்னா 1944 டிசம்பரிலும் கேட் 1946 பிப்ரவரியிலும் பிறந்தவர்கள். இருவருக்கும் மூத்தவர் ஜேன். மாண்ட்ரியலுக்கு வடக்கே லோரன்ஷியன் மலைத்தொடரில் உள்ள சென் சோவெர் தே மோன் என்ற சிற்றூரில் வளர்ந்தார்கள். குடும்பத்தில் அயர்லாந்து வழி ரத்தமும் பிரெஞ்சுக் கனடிய வழி ரத்தமும் கலந்திருந்தன. தந்தை ஃபிராங்க், கேள்வி ஞானத்தில் பியானோ வாசிப்பவர். ஊரிலிருந்த கன்னியாஸ்திரீகளிடம் பெண்கள் முறையாகப் பியானோ கற்றார்கள். மாலை நேரத்தில் வீட்டுப் பியானோவைச் சுற்றி நின்று எல்லோரும் பாடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஃபாஸ்டரின் பாடல்கள், பழைய நாடகமேடைப் பாடல்கள், பிரெஞ்சு நாட்டுப் பாடல்கள் எல்லாம் அந்தப் பியானோவைச் சுற்றி ஒன்றாகவே ஒலித்தன.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1960களில் வட அமெரிக்காவில் எழுந்த நாட்டுப்புற இசை அலையில் பலர், நகரத்தில் வளர்ந்து, நூலகங்களிலிருந்தும் பழைய பதிவுகளிலிருந்தும் மலைநாட்டுப் பாடல்களைத் தேடிக் கற்றவர்கள். மெக்கரிகிள் சகோதரிகளும் அந்த அலையில் நனைந்தவர்களே. மாண்ட்ரியலில் ஜாக் நிசன்சன், பீட்டர் வெல்டன் ஆகியோருடன் சேர்ந்து 'மவுண்டன் சிட்டி ஃபோர்' என்ற நால்வர் குழுவில் பாடினார்கள். அதே காலத்தில் கேட் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார்; அன்னா மாண்ட்ரியல் நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றார். எனினும் பாட்டைத் தேடி அவர்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எந்தப் பாட்டு எந்த மொழியில் இருக்கிறது, எது உயர்ந்த இசை, எது மலிவான இசை என்ற பாகுபாடு இல்லாத ஒரு வீட்டில் அவர்களுடைய காது பழகியிருந்தது. பின்னாளில் அவர்கள் ஸ்டுடியோவுக்கு எடுத்துச்சென்றது அந்தக் காதைத்தான்.

பிறர் குரலில் வந்த முதல் புகழ்

தங்கள் சொந்தக் குரலில் ஓர் ஆல்பம் வெளிவரும் முன்பே இவர்களுடைய பாடல்கள் வெளியே போய்விட்டன. கேட் எழுதிய 'தி வொர்க் சாங்' பாடலை மரியா முல்டார் தம் 1973 ஆல்பத்தில் பாடினார். அன்னா முதன்முதலாக எழுதிய 'ஹார்ட் லைக் எ வீல்' பாடல் இன்னும் விசித்திரமான வழியில் பயணப்பட்டது. நியூயார்க்கில் ஒரு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தபோது, பாடகர் ஜெர்ரி ஜெஃப் வாக்கர் தாம் ஓர் இசை விழாவில் கேட்ட இந்தப் பாடலின் தொடக்கத்தை லிண்டா ரான்ஸ்டாட்டுக்குப் பாடிக்காட்டினார். ரான்ஸ்டாட் அதைப் பிடித்துக்கொண்டார். 1974இல் வந்த அவருடைய ஆல்பத்துக்கே அந்தப் பாடலின் பெயரைச் சூட்டினார். 1975 பிப்ரவரியில் அந்த ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

ஒரு பாடலை ஒருவர் வாயால் கேட்டு, இன்னொருவருக்குப் பாடிக்காட்டி, அது மூன்றாமவரின் சொத்தாவது நாட்டுப்புறப் பாடலின் இயல்பான பரவல் முறை. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே, எழுதிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஒரு பாடலுக்கு இது நேர்ந்தது. அன்னாவின் பாட்டில் அதற்கேற்ற கட்டுமானம் இருந்தது: சிறிய சொற்கள், எவரும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய மெட்டு, காதலின் சேதத்தைச் சக்கரம், கப்பல் போன்ற அன்றாடப் பொருள்களால் சொல்லும் உவமை. நூறு ஆண்டுப் பழைய பாடல் என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடலாம்.

முதல் ஆல்பம்: பதினொன்றுக்கு ஒன்று

வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1976இல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்குச் சகோதரிகளின் பெயரே தலைப்பு. தயாரித்தவர்கள் ஜோ பாய்டும் கிரெக் பிரெஸ்டோபினோவும். பாய்ட் அதற்கு முன் லண்டனில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவையும் நிக் டிரேக்கையும் பதிவு செய்தவர். நுணுக்கமான குரல்களை வாத்தியச் சத்தத்தில் மூழ்கடிக்காமல் பதிவு செய்யத் தெரிந்தவர். லோவெல் ஜார்ஜ், ஸ்டீவ் கேட் போன்ற முதல்தரக் கலைஞர்கள் வாசித்திருந்தும், இந்தத் தட்டில் முன்னே நிற்பவை இரண்டு குரல்களே.

அந்தக் குரல்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கேட்டின் குரல் நேராக வரும், சற்றே மூக்கொலி கலந்தது. சொல்லை அழுத்திச் சொல்லிவிட்டு நகரும். அன்னாவின் குரல் மெலிந்தது, உயரத்தில் லேசாக நடுங்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே சினிமாவுக்கோ ஓப்பெராவுக்கோ பயிற்றுவிக்கப்பட்ட குரல்கள் அல்ல என்பது தெரியும். சேர்ந்து பாடும்போது உயிரெழுத்துகளை இருவரும் ஒரே வாயால் உச்சரிப்பதுபோல் ஒலிக்கிறார்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் பேசக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது இயற்கையாகக் கிடைப்பது. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் முன்கூட்டியே அறிந்திருக்கிறார்.

இந்த ஆல்பத்தின் ஆங்கிலப் பாடல்களில் பல, குறிப்பாகக் கேட் எழுதியவை, மறைப்பு இல்லாதவை. 1971இல் அவர் அமெரிக்கப் பாடகர் லூடன் வெய்ன்ரைட்டை மணந்தார். 1973இல் மகன் ரூஃபஸ் பிறந்தான். அந்த மணவாழ்க்கை நொறுங்கிக்கொண்டிருந்த நாட்களின் பாட்டு 'கோ லீவ்'. இதில் கேட் கிட்டாரோடு தனியாகப் பாடுகிறார். தங்கை பாடும்போது அக்காளின் குரல் வந்து சேரும் என்று காத்திருக்கும் காதுக்கு, அது வராமலே பாட்டு முடிந்துவிடுகிறது. இணைகுரலுக்குப் பெயர் பெற்றவர்களின் தட்டில் இந்தத் தனிமையே பாட்டின் பொருளாகிவிடுகிறது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின், 2001இல், ஸ்வீடனின் ஓப்பெராப் பாடகி ஆன் சோஃபி ஃபான் ஆட்டர் இதே பாடலைத் தம் தட்டொன்றில் பாடினார்.

'டாக் டு மீ ஆஃப் மெண்டோசினோ' நியூயார்க் மாநிலத்துக்கு விடை சொல்லி, அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து கலிஃபோர்னியக் கடற்கரையை நோக்கிப் போகிறது. 'டெல் மை சிஸ்டர்' வீடு திரும்பும் ஒரு பெண்ணின் செய்தி: தனியாக வருகிறேன் என்று அக்காளிடம் சொல்லுங்கள், அவள் அம்மாவிடம் சொல்லட்டும். இதற்குப் பதில் அடுத்த ஆண்டு ஆல்பத்தில் வருகிறது. அன்னா எழுதிய 'கிட்டி கம் ஹோம்' தங்கையை வீட்டுக்கு அழைக்கும் பாட்டு. இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு இது ஒரு கடிதப் போக்குவரத்து என்பது விளங்கும். ஆல்பம் என்பது சந்தைக்கான சரக்கு மட்டுமல்ல, ஒரு குடும்பம் தனக்குள் பேசிக்கொள்ளும் இடமாகவும் இருக்கலாம் என்பதை இவர்கள் இங்கே காட்டிவிட்டார்கள்.

இத்தனை ஆங்கில வாக்குமூலங்களுக்கு நடுவே ஒரே ஒரு பிரெஞ்சுப் பாடல்: 'கோம்ப்ளேந்த் பூர் சேந்த் கத்தரின்'. அன்னாவும் அவர்களுடைய நண்பரும் கவிஞருமான பிலிப் தாதர்ச்செஃபும் சேர்ந்து உருவாக்கியது. மாண்ட்ரியலின் பெரிய கடைவீதியான சேந்த் கத்தரின் தெருவில் குளிர்காலத்தில் ஒரு பெண் உலவுகிறாள். மெட்ரோ ரயில் நிலையத்தின் கதகதப்பில் ஒதுங்குகிறாள். கியூபெக்காரர்களின் ஓயாத அரசியலையும், கோடையில் கொசுக்களோடு அவர்கள் நடத்தும் ஓயாத யுத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். மெட்டில் கரீபியத் தாள அசைவு இருக்கிறது. பாடுபவள் 'நான்' என்றுதான் சொல்கிறாள். ஆனால் அந்த 'நான்' கேட்டும் அல்ல, அன்னாவும் அல்ல. நகரத்தின் ஏழைப் பெண் ஒருத்தி, நகரத்தின் பேச்சு மொழியிலேயே பேசுகிறாள். பிரெஞ்சுக்கு இவர்கள் ஒதுக்கிய வேலை முதல் தட்டிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. பின்னாளில் ஆங்கிலப் பாடகி கர்ஸ்டி மக்கோலும் இதை மூல மொழியிலேயே பாடினார்.

இங்கிலாந்தின் 'மெலடி மேக்கர்' வார இதழ் இந்த ஆல்பத்தை அந்த ஆண்டின் சிறந்த தட்டாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் நிறுவனங்கள் விரும்பும் நீண்ட சுற்றுப்பயணத்துக்குச் சகோதரிகள் அப்போது தயாராக இல்லை. கேட்டின் மகள் மார்த்தா 1976 மே மாதம் பிறந்தாள். வாழ்க்கைக்கு ஏற்றபடிதான் தொழில் என்ற அந்த முறையை அவர்கள் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

மரபு என்ற மறைவிடம்

இரண்டாவது ஆல்பம் 'டான்சர் வித் புரூஸ்டு நீஸ்' 1977இல் வந்தது. இதில் மூன்று பிரெஞ்சுப் பாடல்கள். அவற்றுள் இரண்டு வாய்மொழி மரபைச் சேர்ந்தவை. அவற்றைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

'ப்ளான்ஷ் கொம் லா நேஜ்' பனிபோல் வெண்மையான ஓர் இளம்பெண்ணின் கதை. படைத்தலைவன் ஒருவன் அவளைத் தூக்கிப்போகிறான். தன் மானத்தைக் காக்க அவள் செத்தவள்போல் நடிக்கிறாள். புதைத்தும் விடுகிறார்கள். மூன்று நாள் கழித்துக் கல்லறைக்குள்ளிருந்து தந்தையைக் கூப்பிடுகிறாள். 'பெரின் எத்தே செர்வாந்த்' இதற்கு நேர்மாறான கறுப்பு நகைச்சுவை. பாதிரியார் வீட்டு வேலைக்காரி பெரின், எதிர்பாராமல் எஜமானர் வந்துவிடவே, தன் காதலனை மாவுப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். பிறகு மறந்தும்விடுகிறாள். சில வாரங்கள் கழித்துத் திறந்து பார்த்தால் எலிகள் தின்றது போக மீதிதான் கிடக்கிறது.

ஒரு பெண் ஆணிடமிருந்து தப்பிக்கும் கதை ஒன்று. ஓர் ஆண் ஒரு பெண்ணின் மறதியால் அழியும் கதை இன்னொன்று. அதே தட்டில் கேட் தன் சொந்த இழப்பையும் தாய்மையையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாடிக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்றே இப்படித் தொகுத்தார்களா என்பதைவிட, தொகுப்பின் விளைவு முக்கியம். தனி ஒருத்தியின் துயரமாக ஆங்கிலத்தில் கேட்டது, பிரெஞ்சில் பல தலைமுறைப் பெண்கள் சிரித்தும் பயந்தும் பாடிவந்த பொதுக்கதையாக விரிகிறது. சொந்தமாகச் சொன்னால் கூசும் கோபத்தை மரபின் பின்னே நின்று சொல்லலாம். எல்லா ஊர்களிலும் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் பெண்களுக்குக் கொடுத்துவந்த வசதி இதுதான்.

மூன்றாவது ஆல்பம் 'ப்ரோண்டோ மோண்டோ' 1978இல் டேவிட் நிக்டெர்ன் தயாரிப்பில் வந்தது. வார்னர் நிறுவனத்துக்கு அவர்கள் செய்த கடைசித் தட்டு. ஒலி மெருகேறியிருக்கிறது, தயாரிப்பாளரின் கை தூக்கலாகத் தெரிகிறது. குறுந்தட்டு வடிவம் பெறவே இந்த ஆல்பம் 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் இதில் ஒரு ரத்தினம் உண்டு. கேட் எழுதிய 'என்ஏசிஎல்' பாடலில் கதாநாயகி ஒரு குளோரின் அணு, கதாநாயகன் ஒரு சோடியம் அணு. ஒருவரிடம் எலெக்ட்ரான் ஒன்று குறைகிறது, இன்னொருவரிடம் ஒன்று மிகுதியாக இருக்கிறது. சந்திக்கிறார்கள், இணைகிறார்கள், கடலில் உப்பாகிறார்கள். பொறியியல் படித்த பெண், பழைய வரவேற்பறைக் காதல் பாடலின் மெட்டில் வேதியியலை வைத்துப் பாடுகிறாள். அறிவியல் பிழை ஒன்றும் இல்லாத காதல் பாட்டு இது.

1980: ஒரு முழுப் பிரெஞ்சுத் தட்டு

அமெரிக்கப் பெருநிறுவனம் கைவிட்ட நிலையில் அவர்கள் வீட்டுப்பக்கம் திரும்பினார்கள். 1980இல் 'ஆந்த்ர் லாஜுனெஸ் ஏ லா சாஜெஸ்' வந்தது. கியூபெக்கின் 'கெபெக் டிஸ்க்' நிறுவனம் வெளியிட்ட இது, ஆங்கில உலகத்தில் 'ஃபிரெஞ்ச் ரெக்கார்ட்' என்றே அறியப்பட்டது.

அந்தக் காலத்தின் சூழலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1976 நவம்பர் 15 அன்று நடந்த தேர்தலில், கியூபெக் தனி நாடாக வேண்டும் என்ற கொள்கையுடைய பார்த்தி கெபெக்குவா ஆட்சியைப் பிடித்தது. 1977 ஆகஸ்டில் நிறைவேறிய 101ஆம் சட்டம், பள்ளியிலும் பணியிடத்திலும் கடைப் பலகையிலும் பிரெஞ்சை முதன்மை மொழியாக்கியது. ஆங்கிலம் பேசும் மாண்ட்ரியல்வாசிகள் பலர் டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமையகத்தையே மாற்றப்போவதாக 1978 ஜனவரியில் அறிவித்தது. 1980 மே 20 அன்று கியூபெக்கின் எதிர்காலம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ அறுபது சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்பதே அரசியல் அடையாளமாகக் கணிக்கப்பட்ட ஆண்டுகள் அவை.

அந்த ஆண்டில், ஐரிஷ் பெயர் தாங்கிய, ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற இரு சகோதரிகள் முழுக்கப் பிரெஞ்சில் ஒரு தட்டை வெளியிட்டார்கள். இதை அரசியல் அறிக்கையாகப் படிக்க ஆசை எழும். பாடல்கள் அதற்கு இடம் தரவில்லை. கொடி இல்லை, தாயக வணக்கம் இல்லை. நூல் நூற்கும் பெண்ணின் மரபுப் பாட்டு, வெனிஸ் நகருக்கு ஓர் உல்லாசப் பயணம், நடனமாடும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு, போருக்கு முந்தைய காலத்தின் நினைவு. புதிய பாடல்களில் பெரும்பாலானவற்றின் சொற்கள் தாதர்ச்செஃபின் ஆக்கம். முதல் தட்டில் ஆங்கிலத்துக்கு நடுவே தனியாக நின்ற 'கோம்ப்ளேந்த்' இங்கே மறுபடியும் இடம்பெறுகிறது.

என் பார்வையில் இவர்களுடைய மிகச் சிறந்த ஆல்பம் இதுவே. காரணம், பிரெஞ்சு இங்கே விருந்தாளியாக வரவில்லை. பட்டன் அக்கார்டியனும் பிடிலும் கியூபெக் கிராமத்து நடன இரவுகளின் அசைவை எடுத்துவர, இருவரும் பாத்திரங்களாக மாறி மாறிப் பாடுகிறார்கள். ஆங்கிலத் தட்டுகளில் சில சமயம் தெரியும் கூச்சம் இங்கே அறவே இல்லை. பிறர் எழுதிய சொற்கள் என்பதால் வந்த விடுதலை அது. மொழியுரிமைக்கான வாதங்கள் உச்சத்தில் இருந்தபோது, ஒரு மொழியைச் சொந்தமாக்கிக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு என்று இந்தத் தட்டு காட்டியது: அதில் சிரிக்கலாம், ஆடலாம், ஊர்க்கதை பேசலாம்.

இடைவெளியும் மீட்சியும்

1982இல் 'லவ் ஓவர் அண்ட் ஓவர்' வந்தது. தலைப்புப் பாடலில் டயர் ஸ்டிரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாப்ளர் கிட்டார் வாசித்தார். முல்டார் பாடிய 'தி வொர்க் சாங்' பாடலை, எழுதிய கேட்டின் குரலிலேயே இங்கே கேட்கலாம். பாப் சீகரின் ராக் பாடல் ஒன்று 'த்யு வா மாக்கோம்பாஞே' என்று பிரெஞ்சு உடுத்தி வருகிறது. லாரி ஓட்டுநர்களும் மோட்டார் சைக்கிள் இளைஞர்களும் கேட்ட பாட்டு இரு பெண் குரல்களில் கியூபெக் கிராமத்துப் பாட்டாகிவிடுகிறது.

அதன்பின் நீண்ட மௌனம். பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1990இல் பியேர் மார்ஷாந் தயாரித்த 'ஹார்ட்பீட்ஸ் ஆக்சிலரேட்டிங்' வந்தது. மின்னணுக் கருவிகளின் மெல்லிய திரை விரிந்த ஒலி. முழுவதும் ஆங்கிலப் பாடல்களின் தட்டு. இதில் உள்ள 'ஐ ஈட் டின்னர்' பாடலில் நடுவயதை எட்டிய ஒரு பெண் இரவுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். காதலனோ விருந்தினரோ இல்லை. உடன் இருப்பது மகள் மட்டும். கேட் இந்தக் காட்சிக்கு எந்த அலங்காரமும் சேர்க்கவில்லை. உணவு, மேசை, வெளிச்சம் என்று பெயர்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போக, தனிமையின் எடை கூடிக்கொண்டே போகிறது. பின்னாளில் மகன் ரூஃபஸ், பாடகி டைடோவுடன் சேர்ந்து இதை ஒரு திரைப்படத்துக்காகப் பாடினார்.

1996இல் வந்த 'மத்தபீடியா' ஆல்பத்தில்தான் இக்கட்டுரை பின்தொடரும் இரு குரல்களும் நெருங்குகின்றன. தலைப்புப் பாடலில் கேட்டின் பழைய காதலர் ஒருவர், பதினேழு வயது மார்த்தாவைப் பார்த்து, ஒரு கணம் அவளையே கேட் என்று நினைத்துத் திகைக்கிறார். உடனே பாட்டு முப்பது ஆண்டு பின்னே போய், கிழக்குக் கியூபெக்கின் மத்தபீடியா ஆற்றுப் பாலங்களைத் தாண்டி அந்த இருவரும் காரில் விரைந்த இரவைச் சொல்கிறது. பாடல் ஆங்கிலம், ஆனால் அதன் நிலம் முழுக்கப் பிரெஞ்சுக் கியூபெக். 'ஜாக் ஏ ஜில்' பாடல், பிழைப்புத் தேடி அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து நெசவாலைகளுக்குப் போன பிரெஞ்சுக் கனடியர்களின் கதை. எழுத்தாளர் ஜாக் கெருவாக் அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்தான். மொழியைச் சுமந்துபோய், ஒரு தலைமுறையில் அதை இழந்த மக்களின் வரலாற்றை இந்தப் பாட்டு ஆங்கிலத்தில் சொல்கிறது. ஊரின் கதைக்கு இதுவரை பிரெஞ்சே மொழியாக இருந்த இவர்களுடைய தட்டுகளில், ஊர் இப்போது ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிட்டது. சகோதரிகளின் தாய் கேபிக்காக ஒரு பாட்டும் இதில் உண்டு. அன்னாவின் 'கோயிங் பேக் டு ஹார்லன்' பாடலை எம்மிலூ ஹாரிஸ் முந்தைய ஆண்டே தம் 'ரெக்கிங் பால்' தட்டில் பாடியிருந்தார். கனடாவின் ஜூனோ விருது 'மத்தபீடியா'வுக்குக் கிடைத்தது.

வீடே ஆல்பமாகும்போது

1998இல் வந்த 'தி மெக்கரிகிள் அவர்' ஜோ பாய்டின் தயாரிப்பு. ரூஃபஸ், மார்த்தா, அக்காள் ஜேன், அன்னாவின் கணவர் டேன் லான்கன், அவர்களுடைய பிள்ளைகள் சில்வன், லில்லி, நண்பர்கள் ரான்ஸ்டாட், எம்மிலூ ஹாரிஸ், தாதர்ச்செஃப் எல்லோரும் பாடுகிறார்கள். கேட்டைப் பிரிந்த லூடன் வெய்ன்ரைட்டும் வந்து பாடுகிறார். முதல் இரண்டு தட்டுகளின் காயங்களுக்குக் காரணமானவர், இருபது ஆண்டுக்குப் பின் அதே குடும்பத்தின் இணைகுரலில் ஒரு குரல். ஃபாஸ்டர், இர்விங் பெர்லின், கோல் போர்ட்டர் ஆகியோரின் பாடல்களோடு 'என்ஏசிஎல்' பாட்டும் இதில் மீண்டும் வருகிறது. சென் சோவெர் பியானோவைச் சுற்றி நின்று பாடிய வழக்கம், பெரிய ஸ்டுடியோ ஒன்றில் அப்படியே தொடர்கிறது. 2005இல் வந்த 'தி மெக்கரிகிள் கிறிஸ்துமஸ் அவர்' இதே குடும்பக் கூடலின் பண்டிகைக்காலப் பதிப்பு. ஆங்கிலக் கீதங்களும் பிரெஞ்சுக் கீதங்களும் அதில் கலந்து வருகின்றன.

இந்த இரண்டுக்கும் இடையே, 2003இல், முழுப் பிரெஞ்சு ஆல்பம் இன்னொன்று: 'லா வாஷ் கி ப்ளோர்'. கியூபெக்கின் 'லா த்ரிப்யு' நிறுவனம் வெளியிட்டது. தாதர்ச்செஃபின் சொற்கள் இங்கும் உண்டு. ஆனால் 1980ஆம் ஆண்டின் ஆட்டமும் வேடமும் இங்கே குறைந்து, முதுமையை எட்டிப்பார்க்கும் இருவரின் குரல் கேட்கிறது. வில்லியம் பிளேக்கின் சூரியகாந்திக் கவிதை பிரெஞ்சில் பாட்டாகிறது. அதே பாட்டு ஆங்கிலத்திலும் தொடர்கிறது. ஊரின் மொழியாக இருந்த பிரெஞ்சு, இங்கே உள்மனத்தின் மொழியாகவும் ஆகிவிட்டது. 'மத்தபீடியா'வில் ஆங்கிலம் பிரெஞ்சின் நிலத்துக்குள் போனது. இந்தத் தட்டில் பிரெஞ்சு ஆங்கிலத்தின் அந்தரங்கத்துக்குள் வந்தது. முப்பது ஆண்டில் இரண்டு மொழிகளும் ஒன்றன் வேலையை மற்றொன்று கற்றுக்கொண்டன.

ஆல்பங்களுக்கு வெளியே

சராசரிக் கனடியர் ஒருவரிடம் இந்தச் சகோதரிகளைப் பற்றிக் கேட்டால், மேலே சொன்ன எந்தத் தட்டையும்விட 'தி லாக் டிரைவர்ஸ் வால்ட்ஸ்' என்ற மூன்று நிமிடப் படத்தைத்தான் முதலில் நினைவுகூர்வார். கனடியத் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ஜான் வெல்டன் 1979இல் இயக்கிய அசைவுப்படம் அது. ஆற்றில் மிதக்கும் மரக்கட்டைகள்மீது நடனமாடுவதுபோல் நடந்து அவற்றை ஓட்டிச்செல்லும் தொழிலாளியைக் காதலிக்கும் பெண்ணின் பாட்டு. எழுதியவர் வேட் ஹெம்ஸ்வர்த். முதல் ஆல்பத்தின் 'ஃபூலிஷ் யூ' பாடலும் அவருடையதே. ஹெம்ஸ்வர்த் குறைவாகவே எழுதியவர். மரபுப் பாடல்போல் எழுதும் ஆற்றல் பெற்றவர். அவருடைய பாடல்களைப் பொதுமக்களின் வாய்க்குக் கொண்டுசேர்த்ததில் மெக்கரிகிள் குரல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறர் பாட்டைக் காப்பாற்றிக் கைமாற்றிவிடுவது நாட்டுப்புறப் பாடகியின் கடமை என்று எண்ணியவர்கள் இவர்கள்.

சகோதரிகள் இருவருக்கும் 1993இல் 'ஆர்டர் ஆஃப் கனடா' கௌரவமும், 2004இல் தலைமை ஆளுநரின் நிகழ்கலை விருதும் கிடைத்தன. புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த கேட் 2009 டிசம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் குடும்பத்தோடு கடைசியாகப் பாடினார். அங்கே அவர் பாடிய புதிய பாட்டு 'ப்ரோசர்பினா', பாதாள உலகுக்குப் போன மகளை அழைக்கும் தாயின் பாட்டு. 2010 ஜனவரி 18 அன்று, 63ஆம் வயதில், மாண்ட்ரியலில் காலமானார். அந்தப் பாட்டை மார்த்தா 2012இல் தம் ஆல்பத்தில் பதிவு செய்தார். கேட் மறைந்த 2010இலேயே பழைய, வெளிவராத பதிவுகளைத் திரட்டி 'ஆடிட்டீஸ்' தொகுப்பும், அடுத்த ஆண்டு முதல் இரண்டு ஆல்பங்களையும் ஒத்திகைப் பதிவுகளையும் சேர்த்து 'டெல் மை சிஸ்டர்' என்ற மூன்று தட்டுத் தொகுப்பும் வந்தன. அன்னாவும் ஜேனும் சேர்ந்து குடும்ப வரலாற்றை 'மவுண்டன் சிட்டி கேர்ள்ஸ்' என்ற நூலாக 2015இல் எழுதினார்கள்.

முடிவாக

இருமொழிக் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது இரண்டு பழக்கங்கள் நம்மைத் தவறாக வழிநடத்துகின்றன. ஒன்று, எந்த மொழிக்கு விசுவாசம் அதிகம் என்று அளப்பது. இன்னொன்று, இரு பண்பாடுகளின் பாலம் என்று புகழ்ந்துவிட்டுக் கடந்துபோவது. மெக்கரிகிள் தட்டுகள் இரண்டுக்கும் பிடிகொடுப்பதில்லை. பாலம் என்றால் இரு கரைகள் வேண்டும். இவர்கள் வளர்ந்த வீட்டில் அப்படி இரு கரைகள் இருந்ததில்லை; ஒரே அறையில் வெவ்வேறு வேலைகளுக்கு வெவ்வேறு மொழிகள் இருந்தன. எந்த வேலைக்கு எந்த மொழி என்ற அந்தப் பங்கீட்டை ஆல்பத்துக்கு ஆல்பம் மாற்றியமைத்துக்கொண்டே போனதில்தான் இவர்களுடைய கலை வளர்ச்சி இருக்கிறது.

வாய்மொழி மரபு அழிந்துவருகிறது என்ற கவலை உலகின் எல்லா மொழிகளிலும் கேட்கிறது. அதற்கு நாம் வழக்கமாகத் தேடும் மருந்து சேகரிப்பும் ஆவணக் காப்பகமும். அவை வேண்டும். ஆனால் மெக்கரிகிள் குடும்பத்தின் பதிவுகள் இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கின்றன. பாட்டு தலைமுறை தாண்ட வேண்டுமானால், பாடிக்கொண்டே பேசவும் சண்டையிடவும் சமாதானமாகவும் தெரிந்த ஒரு வீடு வேண்டும். பழைய பாட்டுக்குப் பக்கத்தில் இன்றைய துயரத்தைப் புதிய பாட்டாக வைக்கும் துணிவு அந்த வீட்டுக்கு வேண்டும்.

இவர்களைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை, 1976 ஆல்பத்தையும் 1980 பிரெஞ்சு ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேட்பது. 'கோம்ப்ளேந்த்' பாடல் இரண்டிலும் இருக்கிறது. முதலாவதில் அது பதினோரு ஆங்கிலப் பாடல்களுக்கு நடுவே ஒற்றைக் குரல். இரண்டாவதில் தன் சுற்றத்தோடு இருக்கிறது. பிரெஞ்சு தெரியாதவர்களும் அந்த வேறுபாட்டைக் காதால் உணர முடியும். அங்கிருந்து 'மத்தபீடியா'வுக்குப் போனால், அந்தச் சுற்றம் ஆங்கிலத்துக்குள்ளும் எப்படிக் குடியேறியது என்பது விளங்கும்.